மாமன் வாய்ச் சொல்

786
சாய்ந்தமருது
12.09.1955

அன்புத் தம்பி அதாவுல்லாவுக்கு, ராத்தா சுபைறா ஸலாம் கூறி எழுதுவது.

தபால்காரர் வாசல் கடப்படியில் நின்று கூப்பிட்டபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் மச்சான் காலிதீன், மகள் றஹீமா, மா இடிக்க வந்த பக்கத்து வளவு உம்மு. இந்த நாலு பேர்தான். கடிதம் இங்கிலீசில் இருந்தபடியால் பளீல் மாஸ்டரைக் கூப்பிட்டோம். அவரோடு ஐந்து. நல்ல செய்திக்கும் சாட்சி வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

கொழும்புப் பெண்கள் கல்லூரி உபகாரச் சம்பளத்துக்கு எழுதிய சோதனையில் உன் மருமகள் றஹீமா தேறிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். இனி நவம்பரில் கொழும்பில் ஒரு கொமிட்டியின் முன்னால் நேர்முகப் பரீட்சை. அதிலும் தேறினால் படிப்பு, விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று மாஸ்டர் இரண்டு தரம் வாசித்துச் சொன்னார்.

உன் மச்சான், "குமர்ப்புள்ளையக் கொழும்புக்கு அனுப்பினா ஊர் என்ன கதைக்கும்?" என்றார்.

உம்மு விடவில்லை. "காக்கா, கதைக்காம ஊருக்கு வேற என்ன சோலி இரிக்கி? நாளைக்கு இந்தப் புள்ள டீச்சராகி வந்தா முதல்ல தேங்கா கொண்டு அவளப் பாக்க வாறதும் அந்த ஊர்தான்."

அதன் பிறகு அவர், "மாமன்காரன் பொறுப்பெடுத்தா எனக்கு ஒண்டுமில்ல" என்றார். றஹீமா உம்முவின் கையிலிருந்த உலக்கையை வாங்கி மிச்ச மாவையும் அவளே இடித்து முடித்தாள்.

மச்சானின் கால் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தபோது நீ பார்த்தபடிதான். கரைவலைக் கயிறு வெட்டிய அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. வலையில் இருந்த பங்கும் போய்விட்டது. இப்போது நான் இழைக்கிற பன்பாயில்தான் உலை கொதிக்கிறது. இது உனக்குத் தெரிந்ததுதான், புதிதாக எழுத ஒன்றுமில்லை.

நேர்முகப் பரீட்சை என்றால் என்ன, என்ன கேட்பார்கள், எப்படி ஆயத்தம் செய்வது என்று விபரமாக எழுது. மச்சி லைலாவின் சுகத்தையும் எழுது.

உன் ராத்தா
சுபைறா


கொழும்பு, புறக்கோட்டை
27.09.1955

பிரியமுள்ள ராத்தாவுக்கு, தம்பி எழுதும் மடல். வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் எல்லோரது சுகத்துக்கும் துஆச் செய்கிறோம்.

கடிதத்தைக் கடையில் வைத்தே வாசித்தேன். மாமனாரிடமும் காட்டினேன். "உங்கட ராத்தாட புள்ளையா! மாஷா அல்லாஹ்" என்றார். மருதமுனைக் கைத்தறிச் சேலையைக் கொண்டுவந்து கொழும்பில் கடை பிடித்த மனிதரல்லவா, நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று முன்னுக்கு வருவதென்றால் அவருக்கும் பெருமைதான். அந்தக் கொமிட்டியில் இருக்கிற ஒரு ஹாஜியார் அவருக்கு நெருங்கிய சிநேகிதர். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

றஹீமா செய்யவேண்டியது: அறைக்குள் போனதும் ஸலாம் சொல்வது. இரு என்று சொன்ன பிறகு கதிரையில் இருப்பது. கேட்டதற்கு மட்டும் தலை நிமிர்த்திப் பதில் சொல்வது. சொந்தப் பெயர், ஊர், பள்ளிக்கூடம் மூன்றையும் இங்கிலீசில் சொல்லப் பழக்குங்கள். ஏன் படிக்க விருப்பம் என்று கேட்பார்கள். வீட்டு நிலைமையும் கேட்பார்கள். பக்கத்தில் நான் இருப்பேன். தகப்பனுக்குப் பதிலாக மாமன் வரலாமென்று விசாரித்துவிட்டேன்.

லைலாவுக்கு இது ஏழாவது மாதம். களைப்பாக இருக்கிறாள். உங்களுக்கு ஸலாம் சொன்னாள்.

தம்பி
அதாவுல்லா


786
சாய்ந்தமருது
11.10.1955

தம்பி அதாவுல்லாவுக்கு ஸலாம். நாங்கள் சுகம். மச்சான் கால் மட்டும் பழையபடி.

அஸர் தொழுத பிறகு எங்கள் வீட்டில் இப்போது தினம் கொமிட்டி கூடுகிறது. கவிழ்த்த உரலில் நான் இருக்கிறேன். உம்மு பாயில் சாய்ந்துகொண்டு கொழும்புத் துரைசாணி ஆகிவிடுகிறாள். பிள்ளை கடப்பிலிருந்து நடந்து வந்து ஸலாம் சொல்லவேண்டும்.

நேற்று உம்மு, "ஒங்கட ஊர்ல என்ன இரிக்கி புள்ள?" என்று கேட்டாள்.

"கடல் இரிக்கி, வயல் இரிக்கி, மூணு பள்ளிக்கூடம் இரிக்கி" என்றாள் இவள்.

"உம்மு இரிக்கா எண்டும் சொல்லு புள்ள, அத விட்டுட்டியே!"

சிரிப்பு அடங்கிய பிறகு நான் கேட்டேன்: "வாப்பா என்ன தொழில்?"

"கரைவலை. உம்மா, வாப்பாக்குக் கால் ஏலாதெண்டும் சொல்லட்டா?"

"வேணாம். வீட்டுல எப்படி எண்டு கேட்டா அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்ல எண்டு சொல்லோணும். படைச்சவன் தந்ததப் பிறத்தியார்ட்டக் குறை சொல்லப்படா."

உம்மு பாயிலிருந்து எழும்பிவிட்டாள். "என்ன கா நீங்க! குறையச் சொன்னாத்தானே அவனுகள் படிக்க வைப்பானுகள்?"

நான் அவளை ஏசினேன். பசித்த வயிற்றோடு பிறர் வீட்டுக்குப் போனாலும் "தின்னாச்சு" என்று சொல்லத்தான் என் பிள்ளையைப் பழக்கியிருக்கிறேன். மூன்று வயதிலிருந்து பழக்கியதை ஒரு கொமிட்டிக்காக மாற்றமாட்டேன்.

ஆனால் தம்பி, உம்மு சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். நம் குடியில் ஒரு வீட்டின் தேவையை அந்த வீட்டார் சொல்வதில்லை. பள்ளிவாசலென்றாலும் கலியாணப் பேச்சென்றாலும் மாமன் வாய்தான் சொல்லும். உம்மாவின் மையித்து அடக்கச் செலவுக்கும் நம் மாமாதான் பள்ளிவாசல் மரைக்காயரிடம் போய்ப் பேசினார். நமக்கு வெட்கமுமில்லை, காரியமும் நடந்தது. பிள்ளை வாயால் வரக்கூடாததை நீ சொல். காலை, வலைப் பங்கை, பன்பாயை, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொல்.

சொல்வேன் என்று ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதி.

ராத்தா
சுபைறா


கொழும்பு
25.10.1955

ராத்தாவுக்கு ஸலாம். எல்லோரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல்.

ஓம் ராத்தா, சொல்வேன். இதற்கு ஒரு கடிதம் வேண்டுமா? நான் உங்கள் தம்பியல்லவா.

பிள்ளையிடம் நல்ல உடுப்பு இல்லாவிட்டால் யோசிக்க வேண்டாம். லைலா பச்சைப் பட்டில் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். கொமிட்டியில் நான் சொன்ன ஹாஜியாரும் இருப்பார். மாமனாரின் மதிப்பையும் நாம் பார்க்கவேண்டும்.

தம்பி


786
சாய்ந்தமருது
06.11.1955

தம்பிக்கு ஸலாமும் துஆவும்.

சாமான் வாங்கக் கொழும்புக்கு வருகிற அச்சிமுகம்மது காக்காவோடும் அவர் பெண்சாதியோடும் றஹீமாவை அனுப்புகிறேன். மட்டக்களப்பு வரை பஸ், அங்கிருந்து இரவு ரயில் கோச்சி. அவள் கையில் தந்திருப்பவை: பன்பாய் ஒன்று, மச்சிக்கு. பாரைக் கருவாடு ஒரு பொட்டலம். என் கையால் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, முக்காட்டுத் துணி.

கொமிட்டிக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் பிள்ளைக்கு உடுத்திவிடு. தையல் போட்ட இடம் தெரியத்தான் செய்யும். தெரியட்டும். நான் அதை மறைக்கவுமில்லை, காட்டவுமில்லை. மச்சி தைத்த பட்டைப் பெருநாளைக்கு உடுக்கலாம், கோபிக்கவேண்டாமென்று அவவிடம் பக்குவமாகச் சொல்.

பிள்ளை வெளிக்கிட்டபோது உன் மச்சான் கடப்பு மட்டும் நொண்டி நொண்டி வந்தார். "போய் வா மகள்" என்றார்.

ராத்தா


கொழும்பு
17.11.1955

அன்புள்ள உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் றஹீமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வாப்பாவின் காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

நேற்று நேர்முகப் பரீட்சை முடிந்தது. நான் பயப்படவில்லை. இங்கிலீசில் பெயரும் ஊரும் சொன்னேன். ஒரு பாடம் வாசிக்கத் தந்தார்கள், வாசித்தேன். ஏன் படிக்க விருப்பம் என்று கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண் டீச்சர் இல்லாததால் பெரியபிள்ளையானவர்களை வீட்டில் மறித்துக்கொள்கிறார்கள், நான் டீச்சராக வந்தால் மறிக்கமாட்டார்கள் என்று சொன்னேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா "வெரி குட்" என்றார். வீட்டைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் சொல்லித் தந்தபடியே சொன்னேன். பிறகு மாமாவிடமும் கேட்டார்கள்.

மாமி தந்த பச்சைப் பட்டைத்தான் உடுத்தேன். மாமியின் சங்கிலியும் இரண்டு காப்பும் போட்டுவிட்டார்கள். வெள்ளைச் சட்டை பத்திரமாக இருக்கிறது. வரும்போது மாமா ஒரு கடையில் பலூடா வாங்கித் தந்தார்.

மாமா இதை வாசித்துவிட்டுத் தபாலில் போடுவார். உம்முச் சாச்சிக்கு ஸலாம்.

மகள்
றஹீமா


786
சாய்ந்தமருது
14.12.1955

தம்பிக்கு ஸலாம். மகளின் கடிதம் கிடைத்தது. நீ ஒன்றும் எழுதவில்லை.

மாமாவிடமும் கேட்டார்கள் என்று எழுதியவள், மாமா என்ன சொன்னார் என்று எழுதவில்லை. கடிதத்தை உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டியபோது அவரும் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

அச்சிமுகம்மது காக்கா பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர உன்னிடம் வந்தபோது, முடிவு தெரியும்வரை இங்கே இருக்கட்டும் என்றாயாம். நல்லது. மச்சிக்கும் மாதம் நெருங்கிவிட்டது, ஒரு கை உதவியாக இருக்கும். இங்கே ஒரே மழை. கல்லாற்றுப் பக்கம் றோட்டில் வெள்ளம், பஸ் ஓடவில்லை. உன் கடிதம் அதில் அகப்பட்டுக் கிடக்கிறதென்று எண்ணிக்கொள்கிறேன்.

முடிவு வந்ததா?

ராத்தா


786
சாய்ந்தமருது
09.01.1956

தம்பிக்கு ஸலாம். வெள்ளம் வடிந்து பஸ் ஓடுகிறது. மற்றவர்களுக்கெல்லாம் தபால் வருகிறது.

பளீல் மாஸ்டர் சொல்லி அறிந்தேன். இறக்காமத்துப் பிள்ளை ஒன்றுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். அன்று அறைக்கு வெளியே றஹீமாவுக்குப் பின்னால் இருந்த பிள்ளையாம். யானை வெள்ளாமையை அழித்த வீடு. தகப்பனுமில்லை. தாயே கொழும்புக்குப் போய், கொமிட்டிக்கு முன்னால் முந்தானைக் கிழிசலை விரித்துக் காட்டினாளாம். கிணற்றடியில் பெண்கள் அவளைச் சொல்லிச் சிரித்தார்கள். "சீ, இப்படியும் ஒருத்தியா" என்று நானும் சொன்னேன், தம்பி. குடத்தை இடுப்பில் எடுத்தபிறகுதான் அந்தச் சொல் என்னைச் சுட்டது.

கல்லூரி திறந்துவிட்டது. என் பிள்ளை எங்கே இருக்கிறாள்?

சுபைறா


கொழும்பு
22.01.1956

அன்பு ராத்தாவுக்கு ஸலாம். வேலைப் பளுவால் பதில் சுணங்கிவிட்டது, மன்னிக்கவும்.

முதலில் சந்தோஷமான செய்தி. லைலாவுக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ஷரிபுதீன் என்று பெயர் வைத்தோம்.

றஹீமாவின் விஷயம் இம்முறை சரிவரவில்லை. நிறையப் பேர் வந்திருந்தார்கள். இருந்ததோ சில இடங்கள். அல்லாஹ் நாடவில்லை, நாம் என்ன செய்வது? அவள் கெட்டிக்காரி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். குழந்தைக்கும் அவள் என்றால் உயிர், அவள் தூக்கினால்தான் அழுகை நிற்கிறது. நாற்பது நாள் கழியும்வரை இங்கேயே இருக்கட்டும். பிறகு அடுத்த வருஷம் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பார்க்கலாம். நான் இருக்கும்போது நீங்கள் ஏன் யோசிக்கிறீர்கள்?

உங்களுக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன்.

தம்பி


786
சாய்ந்தமருது
03.02.1956

தம்பிக்கும் மச்சிக்கும் ஸலாம். மகன் ஷரிபுதீனுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளும் சாலிஹான நற்குணமும் தரட்டும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

நாற்பது கழிந்ததும் அச்சிமுகம்மது காக்காவும் பெண்சாதியும் வருவார்கள். என் பிள்ளையை அவர்களோடு அனுப்பிவிடு. சேலை கிடைத்தது. அதைப் பிரிக்கவில்லை.

சுபைறா


786
சாய்ந்தமருது
19.03.1956

தம்பி அதாவுல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

பிள்ளை வந்து சேர்ந்து எட்டாம் நாள்தான் வாய் திறந்தாள். அப்போது இருந்தவர்கள்: நான், உன் மச்சான், உம்மு, பளீல் மாஸ்டர். முதற் கடிதம் வந்த அன்று இருந்த அதே ஆட்கள். அவள் சொன்னதை எழுதுகிறேன். பிழையிருந்தால் திருத்து.

அறையில் ஆறு பேர். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்களும் கண்ணாடி போட்ட அம்மாவும். இந்தப் பக்கம் நீயும் என் மகளும். எல்லாம் கேட்டு முடித்து, அந்த அம்மா, வீட்டில் கஷ்டமா மகள் என்று கேட்டிருக்கிறா. அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா பட்டையும் காப்பையும் பார்த்தாவாம். அப்படியும் பேனையை மூடவில்லை. உன் பக்கம் திரும்பி, "பிள்ளை வெட்கத்தில் சொல்கிறாள்போல. நீங்கள் சொல்லுங்கள்" என்றாவாம்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறா, தம்பி.

அந்த நேரம் பார்த்து ஓரத்தில் இருந்த ஹாஜியார், "இது நம்மட முதலாளிட மருமகனல்லவா!" என்று சிரித்தாராம். நீயும் சிரித்தாயாம். பிறகு சொன்னாயாம்: "நாங்க கை நீட்டிற குடும்பமில்ல, சேர். புள்ளைக்கு நான் இரிக்கன்."

"மாமன் எண்டா இப்படி இரிக்கோணும்" என்றாராம் ஹாஜியார். அந்த அம்மா ஒரு வரி எழுதிப் பேனையை மூடினாவாம். வெளியே வந்ததும், "உம்மாக்கிட்ட இத எழுத வேணாம் மகள், நாம பாத்துக்குவம்" என்று பலூடா வாங்கிக் கொடுத்தாயாம்.

நீ பார்த்துக்கொண்டதையும் அவள் சொன்னாள். விடியத் தண்ணீர் சுட வைப்பது, குழந்தையின் பீத்துணி கழுவுவது, எல்லோரும் உண்ட பிறகு குசினியில் உண்பது. "நீயும் சாப்பிடன்" என்று கேட்டால் என்ன சொல்வாய் மகள் என்றேன். "தின்னாச்சு எண்டு சொல்லுவன்" என்றாள். உம்மு எழும்பி வெளியே போய்விட்டாள். அவள் என்னை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

என் பங்குக்கு நான் அல்லாஹ்விடம் பதில் சொல்வேன். நான் பழக்கியதைத்தான் பிள்ளை சொன்னாள். ஆனால் அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்துதான் உன்னைப் பக்கத்தில் இருத்தினேன். ஓம் ராத்தா, சொல்வேன் என்று நீ எழுதினாய். மாமனார் வீட்டில், மாமனார் கடையில், மாமனார் சோற்றில் இருக்கிறவன் நீ. அதில் குறையில்லை, நம் ஊர் ஆண்கள் எல்லோரும் பெண்சாதி வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் உன்னிடம் இல்லாத ஒன்றை என் பிள்ளைக்குத் தருவதாகச் சபையில் சொல்ல உனக்கு நா எப்படி வந்தது? என் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தது. என் பிள்ளையைக் கொண்டு பீத்துணி கழுவ வைக்க வெட்கமில்லை.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். பளீல் மாஸ்டர் கல்லூரிக்கு எழுதி விசாரித்தார். மே மாதம் ஒரு இடம் காலியாகிறதாம். சோதனைப் புள்ளியில் அடுத்தது றஹீமாதானாம். ஆனால் மாமன் பொறுப்பேற்றதாகப் பைலில் எழுதியிருக்கிறதாம். அதை நானோ மாஸ்டரோ அழிக்கமுடியாது. சொன்ன வாய்தான் மாற்றிச் சொல்லவேண்டும். ஆகையால் உன் கையெழுத்தில், உன் இங்கிலீசில், கொமிட்டிக்கு எழுது. தகப்பனுக்குத் தொழில் இல்லை, வீடு பன்பாயில் ஓடுகிறது, என்னால் படிப்பிக்க முடியாது, அன்று நான் சொன்னது உண்மையல்ல என்று எழுது. ஹாஜியார் அதை வாசிப்பார். உன் மாமனாருக்கும் சொல்வார். தெரிந்துதான் கேட்கிறேன்.

நெல் மில் அப்துல் கபூரின் ஆட்கள் பெண் கேட்டு வந்து போனார்கள். மனைவி மவுத்தானவர், நாற்பது வயது. நோன்புப் பெருநாள் கழிந்து முடிவு சொல்வதாக உன் மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டார். நான் வேண்டாமென்றேன். "படிப்பும் இல்லயெண்டா குமர வெச்சிக்கிட்டு என்ன செய்ய?" என்று கேட்டார். றஹீமா பின்வளவில் பாய்க்குப் பன் கிழிக்கிறாள். வெள்ளைச் சட்டையைத்தான் உடுத்திருக்கிறாள். அன்று உடுக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்தது.

உன் பச்சைப் பட்டையும் சேலையையும் அச்சிமுகம்மது காக்காவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள்.

கொமிட்டிக்கு எழுதினால், எழுதினேன் என்று ஒரு வரி எனக்குப் போடு. எழுதமாட்டாய் என்றால் அதையும் ஒரு வரியில் போடு. நோன்புப் பிறைக்கு முன் எனக்குத் தெரியவேண்டும். கெதியாய்ப் பதில் எழுது.

ராத்தா
சுபைறா